செவ்வாய்க்கிழமைப் புகை

அபுராசி,
ஜூன் 11, 1993

அன்புள்ள அக்கா,

அம்மாவின் அடுப்புக்குள் பூனை படுத்திருக்கிறது. இன்று காலை குனிந்து பார்த்தபோதுதான் கவனித்தேன். சாம்பலில் குழி பறித்து அதற்குள் சுருண்டு கிடக்கிறது. என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. மீன் புகை போடும் அடுப்பில் பூனை தூங்குகிறதென்றால் அங்கே தீ மூட்டிப் பல நாளாயிற்று என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அம்மாவுக்குக் கண் மறுபடி வீங்கிவிட்டது. இனிமேல் புகைக்கு முன்னால் நிற்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஈஸ்டருக்குப் பிறகு கடற்கரைக்கு நான்தான் போகிறேன். உனக்குத் தெரியும், எனக்குக் கூட்டத்தில் குரல் வராது. ஆரின் மாமாவின் படகு மணலில் ஏறுவதற்கு முன்பே மற்றப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிடுகிறார்கள். "ஏய் ஆரின், கட்டின பொண்டாட்டியா இருந்தா இப்படிக் காக்க வைப்பியா?" என்று ஒருத்தி கத்துகிறாள். அவர் சிரித்துக்கொண்டே அவளுடைய மீன் பேசினை நிரப்புகிறார். நான் பின்னால் நிற்கிறேன்.

நேற்று அவரே, உன் பெயரை வைத்து, என்னைத் தேடினார். "எகுவா அம்மா வீட்டுப் பொண்ணு எங்க?" என்று கேட்டார். "இங்கே" என்றேன். எனக்கே கேட்கவில்லை. எசாபா அத்தை, "அந்த வீட்ல எல்லாம் தூங்குது போல. இங்க போடு" என்று சொல்லித் தன் பேசினை நீட்டினாள்.

அந்தப் படகின் மீனில் அம்மாவுக்கென்று ஒரு பங்கு உண்டு. வேறு யார் மீனும் நம் அடுப்பில் ஏறியதில்லை. இப்படியே நான் வாங்காமல் விட்டால் அந்த இடம் இன்னொருத்திக்குப் போய்விடும். அம்மா வெளியே வந்து உட்கார்ந்து, பேசினில் மீன் விழும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுக்கிறாள். நான் வெறும் பேசினோடு பின்பக்கமாக வீட்டுக்குள் போகிறேன்.

நீ போன அடுத்த மாதம் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். குறை சொல்ல எழுதவில்லை. நீ இருந்தவரை கத்துவதற்கு நீ இருந்தாய், அவ்வளவுதான்.

கேட்பவர்களிடமெல்லாம் நீ அக்ராவில் முடி பின்னக் கற்றுக்கொள்கிறாய் என்றுதான் அம்மா இன்னும் சொல்கிறாள். நான் எழுதியது அவளுக்குத் தெரியாது. லாரி ஓட்டும் ஆட்டாவிடம் பதில் கொடுத்தனுப்பு.

மன்சா

*

அலாவுலே,
ஜூன் 16

மன்சா,

கத்த வராவிட்டால் பேசினைத் தட்டு. கரண்டி எடுத்துக்கொண்டு போய்ப் பேசின் அடியில் ஓங்கித் தட்டு. சிரிப்பார்கள். சிரிக்கட்டும், சிரிக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆரின் மாமாவும் பார்ப்பார். பின்னால் நிற்காதே. பின்னால் நிற்கிறவளுக்குக் கடலில் மீனே கிடையாது.

பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதிய வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். கபென்லாவோடு நான் வந்ததற்குக் காரணம் உண்டு, உன் படிப்பை யோசிக்காமல் வந்ததற்குக் காரணம் கிடையாது. இந்த ஒரு தடவை இதோடு விட்டுவிடு.

அக்ராவில் முடி பின்னுகிறேனாமா. அப்படியே இருக்கட்டும். பரிசம் போடாமல் வேற்றினத்து நிசீமாக்காரன் ஒருவனோடு போய்விட்டாள் என்று சொல்வதைவிட அது அம்மாவுக்குச் சுலபம். குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது. அதையும் அவளிடம் சொல்லாதே. கபென்லா முறைப்படி பெண் கேட்டுப் பரிச மது கொண்டுவரும் வரை நான் அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று அவள் முகத்துக்கு நேரே சத்தியம் செய்துவிட்டு வந்தவள் நான். வருடக் கடைசிக்குள் கொண்டு வருவதாகச் சொல்கிறான். செய்வான்.

இப்போது கவனமாகக் கேள். அங்கே செவ்வாய்க்கிழமை யாரும் கடலில் இறங்க மாட்டார்கள். இங்கே கடலின் ஓய்வு நாள் வியாழன், செவ்வாயன்று எல்லாப் படகும் போகும். புதன்கிழமை மன்கெசிம் சந்தை. அன்று சந்தையில் இருப்பதெல்லாம் திங்கட்கிழமை மீன். நீ மட்டும் செவ்வாய்க்கிழமை மீனைச் சூடாகக் கொண்டுபோய் வைத்தால் குமாசி வியாபாரிகள் உன்னைச் சுற்றி நிற்பார்கள். அங்கே நீ கத்தவே வேண்டாம், மீன் கத்தும்.

வரும் செவ்வாய் விடியலில் ஐஸ் போட்டு இரண்டு கூடை சாளை ஆட்டாவின் லாரியில் ஏற்றி விடுகிறேன். மதியத்துக்குள் உன் கையில் இருக்கும். விறகு தயாராக வை.

எகுவா

*

அபுராசி,
ஜூன் 24

அன்புள்ள அக்கா,

முதலில் நல்லதைச் சொல்கிறேன். பேசினைத் தட்டினேன். "ஊமைச்சி மேளம் கொட்டுறாடி, யாருக்குக் கல்யாணம்?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அரைப் பேசின் சாளை கிடைத்தது. ஆரின் மாமா, "நாளைக்கும் தட்டு" என்றார்.

உன் கூடைகள் செவ்வாய் மதியம் வந்தன. கண்ணாடி போல மின்னும் மீன். "எங்கேர்ந்து வந்துச்சு?" என்று அம்மா கேட்டாள். "பக்கத்து ஊர்" என்றேன். அவள் மேலே கேட்கவில்லை. கழுவி, வலைத்தட்டில் வரிசையாக வைத்துத் தீ மூட்டினேன். மன்கெசிமில் நீ சொன்னபடியேதான் நடந்தது. தட்டை இறக்கி வைத்தேன், நின்றவர்களே எடுத்துக்கொண்டார்கள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

இனிமேல் எழுதுவது நல்லதல்ல.

செவ்வாயன்று ஊரில் எந்த அடுப்பிலும் புதுமீன் புகை வராது என்பதை நான் யோசிக்கவே இல்லை. நீயும் யோசிக்கவில்லை. ஆண்களெல்லாம் மணலில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தார்கள். நம் வீட்டுக் கூரைக்கு மேலே புகை எழுந்ததும் ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்தார்கள். அதை நானே பார்த்தேன். பார்த்தும் தீயை அணைக்கவில்லை. மீன் கெட்டுவிடுமே.

எசாபா அத்தை வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"இன்னிக்கு என்ன கிழமைடி?"

நான் ஒரு விறகை உள்ளே தள்ளினேன்.

"செவுள் சிவப்பா இருக்கே. நேத்து மீன் இல்லையே இது. யார் வலைல விழுந்துச்சு?"

உன் பெயரைச் சொல்ல முடியாது. வேறு என்ன சொல்வதென்றும் தெரியவில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "சரி, சொல்ல வேணாம். இந்த வீட்டு அடுப்புல யாரோட மீன் வேகும்னு ஊருக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று காலைதான் ஆரின் மாமா தன் படகைக் கழுவியிருக்கிறார். ஈரப் படகு, நம் வீட்டுப் புகை. இரண்டையும் சேர்த்து, அவர் ஊர்த் தடையை மீறி விடியலில் யாருக்கும் தெரியாமல் கடலில் இறங்கிவிட்டார் என்று பேச்சு கட்டிவிட்டார்கள். போன வருடம் எசாபா அத்தை மகன் செவ்வாய்க்கிழமை கடலுக்குப் போனதை நேரில் பார்த்தேன் என்று சொன்னவர் ஆரின் மாமா. அவள் அதை மறக்கவில்லை.

நேற்று நான் சந்தையிலிருந்து திரும்பியபோது மீனவர் தலைவரின் ஆட்கள் அவர் படகின் மோட்டாரைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். துடுப்புகளையும் எடுத்துவிட்டார்கள். விசாரணை முடியும் வரை படகு மணலில்தான். நான் என்ன செய்யட்டும்?

மன்சா

*

அலாவுலே,
ஜூன் 27

மன்சா,

ஆட்டா லாரியை நிறுத்தி வைத்துக்கொண்டு நிற்கிறான், அவசரமாக எழுதுகிறேன்.

என் பெயரைச் சொல்லாதே. டகோராடியில் உறைமீன் கிடங்கில் வாங்கினேன் என்று சொல். கிடங்கு மீனுக்குக் கிழமை கிடையாது.

அம்மாவுக்காகத்தான் சொல்கிறேன், எனக்காக இல்லை. இல்லை, எனக்காகவும்தான். இரண்டு வருடமாக அக்ராவில் இருப்பதாகச் சொன்ன மகள் பரிசம் போடாதவன் வீட்டில் குழந்தையோடு இருக்கிறாள் என்று ஊர்ச் சபையில் தெரிந்தால், பிறகு கபென்லா மது கொண்டுவந்தாலும் அம்மா தொட மாட்டாள். வாசலில் ஊற்றிவிடுவாள். அவளை உனக்குத் தெரியாதா?

ஆரின் மாமா நல்ல மனிதர், மூத்தவர். ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்வார். கொஞ்ச நாள் பேசாமல் இரு. பேசாமலிருப்பது உனக்குப் புதிதா என்ன?

கோபத்தில் எழுதிவிட்டேன். அதை அடித்து எழுத நேரமில்லை.

எகுவா

*

அபுராசி,
ஜூலை 1

அக்கா,

கிடங்கு மீன் என்று சொல்ல முடியாது. எசாபா அத்தை செவுளைப் பார்த்திருக்கிறாள். உறைந்த மீனின் கண் வெளுத்திருக்கும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பொய் சொன்னால் அதையும் சேர்த்து அவர் தலையில்தான் போடுவார்கள்.

சாளைக் காலம் தொடங்கிவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து தண்ணீருக்கு மேலே பறவைகள் விழுந்து விழுந்து எழுகின்றன. மற்றப் படகுகள் விளிம்பு வரை நிரம்பி வருகின்றன. எல்லா வீட்டிலும் புகை. ஆரின் மாமாவின் ஆட்கள் படகின் நிழலில் சீட்டு ஆடுகிறார்கள். ஒருவர் தன் மனைவியை வேறு படகின் மீனைச் சுமக்க அனுப்பியிருக்கிறார். அவள் என்னைக் கடந்து போகும்போது ஒன்றும் சொல்லவில்லை. எதையாவது சொல்லியிருக்கலாம்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. மக்காச்சோளக் கென்கி உருண்டையைப் பிட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். யாராவது வேலியோரம் நடந்தால் எழுந்து பார்க்கிறேன்.

நேற்று ஆரின் மாமா வந்தார். வேலிக்கு வெளியிலேயே நின்றார்.

"உங்கம்மாகிட்டக் கேக்க மாட்டேன். கண்ணு சரியில்லாதவ. உன்கிட்டயும் கேக்க வேணாம்னுதான் இத்தனை நாளா இருந்தேன்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் மீன் போதலன்னு வேற எடத்துல வாங்கிருந்தாலும் பரவால்ல. கோவமில்ல. எங்க வாங்கினன்னு மட்டும் சொல்லிடும்மா. மோட்டார் போனா எங்க எல்லார் வயித்துக்கும் என்ன பண்ணுவேன்?"

வாயைத் திறந்தேன், அக்கா. உன் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. உள்ளேயிருந்து அம்மா, "யாருடி அது?" என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

எல்லோரும் கரையில் இருக்கும் நாள் என்பதால் வரும் செவ்வாயன்றே விசாரணை. நிரூபிக்க முடியாவிட்டால் இந்த மீன்காலம் முழுவதும் மோட்டார் தலைவர் வீட்டில்தான் இருக்கும். லாரியில் கொண்டுவந்தவர் ஆட்டா. அவரையாவது வரச் சொல். அவர் வந்து, மேற்கே ஏற்றினேன், யார் ஏற்றினார்கள் என்று தெரியாது என்று சொன்னால் போதும். உன் பெயர் வராது.

மன்சா

*

அலாவுலே,
ஜூலை 4

மன்சா,

ஆட்டா வர மாட்டான். முதலாளிக்குத் தெரியாமல் ஏற்றிய கூடைகள் அவை. வெளியே தெரிந்தால் லாரிச் சாவி போய்விடும். "உங்க ஊரு படகுக்காக நான் ரோட்டுல நிக்கணுமாம்மா?" என்று கேட்கிறான்.

நான் வர வேண்டும் என்று நீ எழுதவில்லை. எழுதாததற்கு நன்றி. என்னால் முடியாது. சத்தியம் செய்தது ஒரு பக்கம். அம்மா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாளே, அதைக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பார்க்க முடியாது. ஊரில் இருந்தவரை நான் எதற்கும் பயந்ததில்லை என்று நீ நினைப்பாய். இதற்குப் பயப்படுகிறேன்.

உனக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய். சொல்லாதே என்று இனி எழுத மாட்டேன்.

எகுவா

*

டகோராடி லாரி நிலையம்,
ஜூலை 7

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் கொடுத்தனுப்பவில்லை. நானே கொண்டு வருகிறேன். உன் முன்னால் வந்து நின்றால் எனக்கு வார்த்தை வராது, அதனால் அடுத்த வண்டி வரும்வரை உட்கார்ந்து எழுதுகிறேன். படித்து முடித்த பிறகு பேசு.

நேற்றுத் தலைவர் வீட்டு முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. ஆரின் மாமா, "படகைக் கழுவினேன். கடல்ல எறக்கல" என்று மட்டும் சொன்னார். மீனைப் பற்றிக் கேட்டபோது, "எனக்குத் தெரியாது" என்றார். அவர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலைவர்தான் என்னைக் கூப்பிட்டார்.

"அன்னிக்கு உங்க வீட்ல புகை வந்துச்சா?"

"வந்துச்சு."

"சத்தமாச் சொல்லு. பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல."

"வந்துச்சு."

"மீன் யாருது?"

பாவாடையைப் பிடித்துக்கொண்டேன். "அலாவுலேலேர்ந்து வந்துச்சு. அங்க வியாழக்கிழமைதான் ஓய்வு. எங்கக்கா அனுப்புனா" என்றேன். இவ்வளவு பேரின் முன்னால் இத்தனை வார்த்தைகளை நான் சேர்ந்தாற்போலச் சொன்னதே இல்லை.

எசாபா அத்தை உடனே, "எந்த அக்கா? அக்ராவுல முடி பின்னுற அக்காவா? பின்னல்லேர்ந்து சாளை உதிர்ந்துச்சாக்கும்" என்றாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

தலைவர் சிரிக்கவில்லை. அம்மா பெண்கள் வரிசையில் கண்ணில் துணியை ஒற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் உன் பெயரைச் சொல்லாவிட்டாலும் ஊர் அவளை இன்னும் உன் பெயரை வைத்துத்தானே கூப்பிடுகிறது.

"எகுவா அம்மா, நீ சொல்லு. எகுவா எங்க இருக்கா?"

அம்மா துணியை எடுக்கவில்லை.

"அக்ராவுல."

"அப்போ இந்தப் பொண்ணு பொய் சொல்லுதா?"

அம்மா துணியை இன்னும் அழுத்திக்கொண்டாள். பிறகு, "அவளுக்குக் கூட்டத்துல பேச வராது. பயத்துல என்னமோ உளறுது" என்றாள்.

அக்கா, எனக்கு அழுகை வரவில்லை. ஆரின் மாமாவைப் பார்த்தேன். அப்போதுதான் அவரும் என்னைப் பார்த்தார். நான் சொன்னதை அவர் நம்பினார் என்று தெரிந்தது. அங்கே நம்பியவர் அவர் ஒருவர்தான், அவர் நம்பிப் பயனில்லை.

தலைவர் கடைசியாகச் சொன்னது இது: "அனுப்பினவ ஒருத்தி இருந்தா, அவ வந்து என் முன்னால சொல்லட்டும். அடுத்த செவ்வாய் வரைக்கும் பொறுக்கறேன். அதுக்கப்புறம் இந்த வருஷம் அந்தப் படகுக்குக் கடல் கிடையாது."

வீட்டுக்கு வந்ததும் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் மாற்றுத் துணியைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்குக் கண் சரியாகத் தெரியாவிட்டாலும் பை சரசரப்பது கேட்குமே.

"எங்கயாவது போறதா இருந்தா எங்கிட்டச் சொல்லாத" என்றாள். "சொன்னா நான் தடுக்கணும்."

நான் சொல்லவில்லை.

நீ வர முடியாது என்று எழுதியதைப் படித்தேன். அதனால் எழுதிக் கேட்காமல் நேரில் வருகிறேன். வாசலை மிதிக்க மாட்டேன் என்றுதானே சத்தியம் செய்தாய், நம் வாசலுக்கு நீ வர வேண்டாம். லாரி நிற்கும் இடத்திலிருந்து தலைவர் வீட்டுக்குக் கடற்கரை வழியாகவே போய்விடலாம், நான் கூட வருகிறேன். குழந்தையை நான் தூக்கிக்கொள்கிறேன். அம்மா முகத்தைத் திருப்பினால் திருப்பட்டும். நேற்று என்னைப் பொய்க்காரியாக்கியபோது அவள் எந்தப் பக்கமும் திரும்பாமல்தான் சொன்னாள். முகத்தைத் திருப்பியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது, ஆனாலும் பாத்திரம் கழுவினேன், விறகை நெருக்கமாக அடுக்கி மூடி வைத்துவிட்டு வந்தேன். வலியோடு வேலை பார்க்க முடிகிறது, அக்கா. மோட்டார் இல்லாமல் ஆரின் மாமாவின் ஆட்களால்தான் முடியாது.

உன்னைப் பயமுறுத்த இதையெல்லாம் எழுதவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. நீ வர மாட்டேன் என்று சொன்னால் தனியாக எந்த முகத்தோடு திரும்பிப் போவேன் என்று தெரியவில்லை.

இன்று காலை நடந்ததை மட்டும் எழுதி முடிக்கிறேன். புதன்கிழமை என்பதால் மன்கெசிம் போகிற பெண்கள் எல்லோரும் தட்டுகளோடு லாரி நிற்கும் இடத்தில் இருந்தார்கள். எசாபா அத்தையும் இருந்தாள். என் பையைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவளை இடித்தாள். மேற்கே போகிற வண்டி வந்ததும் ஏற்றிவிடும் ஆள், "எங்கம்மா போகணும்?" என்று என்னைக் கேட்டான். நான் மெதுவாகச் சொன்னேன். அவனுக்குக் கேட்கவில்லை. மறுபடி கேட்டான். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"அலாவுலே" என்றேன். "எங்கக்கா எகுவா வீட்டுக்கு."

எனக்கே காதில் விழும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன். பிறகு பையை மேலே எறிந்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

மன்சா